நாற்பத்தொரு கைக்கடிகாரங்கள்

பள்ளிக்கூடத்தில் அவரை எல்லோரும் நீதி டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய நன்னெறிப் பாடத்தில் பதினோரு வருடமாக ஒரு பிள்ளைகூடத் தோற்றதில்லை. இந்த வருடமும் அப்படியே போனால் நல்லாசிரியர் விருது நிச்சயம். மதிப்பெண் பட்டியல் நாளைக் காலை போயாக வேண்டும். போட்டோவுக்கு எப்படிச் சிரிப்பது என்றுகூடக் கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டார்.

தேர்வில் ஒரே கேள்வி: ‘நீ நேர்மையாக நடந்துகொண்ட ஒரு நிகழ்ச்சியை எழுதுக.’ பத்து மதிப்பெண்.

முதல் பிள்ளைக்குத் தெருவில் ஒரு கைக்கடிகாரம் கிடைத்திருந்தது. காவல் நிலையத்தில் கொடுத்தானாம். அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தாராம். பத்து. இரண்டாவது பிள்ளைக்கும் கைக்கடிகாரம்தான். பத்து. இப்படி நாற்பத்தொரு பேருக்குக் கிடைத்திருந்தது. ஊரில் மணி தெரியாமல் எத்தனை பேர் அலைந்தார்களோ, தட்டித் தட்டி அதிகாரிக்குக் கை என்ன ஆயிற்றோ, கடவுளுக்கே வெளிச்சம். டீச்சருக்கு இது விசேஷமாகவே படவில்லை. எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்தவரே அவர்தானே! கடிகாரம் கிடைத்தால் மூன்று, கொடுத்தால் நான்கு, தட்டிக்கொடுத்தால் மூன்று என்று மதிப்பெண் கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தார்.

கடைசித் தாள், வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்தவளுடையது.

‘எனக்குக் கடிகாரம் எதுவும் கிடைக்கவில்லை. போன தேர்வில் கிடைத்ததாக எழுதிப் பத்து வாங்கினேன். அது பொய். அந்தப் பத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும்.’

டீச்சருக்குக் குப்பென்று வியர்த்தது. முட்டை போட்டால் விருது போச்சு. பத்துப் போட்டால் மற்ற நாற்பத்தொன்றுக்கு என்ன போடுவது? மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தலைமையாசிரியரிடம் ஓடினார்.

"இதுக்கு ஏன் குழம்பறீங்க? இன்னொரு தாள் குடுங்க. ஒரு கடிகாரத்தை எழுதிட்டுப் போகட்டும்" என்றார் அவர்.

டீச்சர் வகுப்புக்குப் போய் வாயாடியை எழுப்பினார்.

"எல்லாரும் எழுதினதை நீயும் எழுதினா கை தேஞ்சா போயிடும்?"

"கிடைக்கலையே டீச்சர். ஒரு வாரம் டைம் குடுங்க, தெருத்தெருவாத் தேடிப் பாக்கறேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இங்க யாருக்குத்தான்டி கிடைச்சுது?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சிரிப்பு நின்றுபோனது.

"உங்களுக்குக் கிடைச்சுதே டீச்சர். சின்ன வயசுல. நீங்கதானே சொன்னீங்க."

அவள் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே நம்பியிருந்தாள். 

"எனக்கும் கிடைக்கலைம்மா" என்றார், குரல் இறங்கி. "எங்க டீச்சர் எழுதிப்போட்டாங்க. நானும் எழுதிப் பத்து வாங்கினேன்."

பிறகு எல்லோருக்கும் வெள்ளைத்தாள் கொடுத்தார். அதே கேள்வி, கடிகாரம் மட்டும் கூடாது. பேனாவைக் கடித்தபடி பிள்ளைகள் கூரையைப் பார்த்தார்கள். டீச்சரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, ‘விருதுக்கு என் பெயரை அனுப்ப வேண்டாம்’ என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயாடி எட்டிப் பார்த்தாள்.

"எழுதினதுக்கு மூணுதான் டீச்சர்" என்றாள். "கொண்டுபோய்க் குடுத்தாத்தான் நாலு."