எறும்புதான் பெருசு

தப்பாகச் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று ரகுநாத் என்னிடம் கேட்டான்.

இலுப்பூரில் ஒரு ஃபர்னிச்சர் கடையின் மாடியில் அவனுடைய லோக்கல் சேனல் நடக்கிறது. திருவிழா, காதுகுத்து, மனை விற்பனை என்று ஓடிக்கொண்டிருந்த சேனலில் ஞாயிற்றுக்கிழமை காலைக்கென்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தான். பெயர் ‘கிளி வகுப்பு’. பாயில் நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். மேசைக்குப் பின்னாலிருந்து கொய்யா என்கிற துணிக்கிளி தலையை நீட்டும். எழுத்துக் கேட்கும், எண் கேட்கும், எது பெருசு எது சின்னது என்று கேட்கும். பிள்ளைகள் பதில் சொல்லும். கிளிக்குள் இருக்கிற கை ரகுநாத்தினுடையது. குரலும் அவனுடையதுதான்.

நானும் அவனும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகச் சேர்ந்தோம். நான் பாதியில் நின்றுவிட்டேன். அவன் முடித்தான். எனக்குக் குளத்தூர் பக்கம் நூல் மில்லில் நைட் ஷிப்ட். படப்பிடிப்பு இருக்கிற நாளில் ஷிப்ட் முடிந்ததும் தூங்கப் போகாமல் அவனுக்கு லைட் பிடிக்கப் போவேன். “ஒழுங்காப் படிச்சிருக்கலாமேடா” என்று ஒருநாளும் என்னிடம் சொல்லாத ஒரே ஆள் அவன். அதற்காகப் போனேன். வேறு காரணம் இல்லை.

“எல்லாப் பிள்ளையும் சரியாச் சொல்லிருச்சுன்னா கிளிக்கு என்னடா வேலை?” என்றான். “ஒண்ணு தப்பாச் சொல்லணும். கொய்யா விழுந்து விழுந்து சிரிக்கணும். அப்பறம் சொல்லிக் குடுக்கணும். அப்பத்தான் பாக்குறவன் உக்காந்து பாப்பான்.”

“தெரியாத பிள்ளை யாரையாச்சும் உக்கார வையி.”

“வச்சுப் பாத்தேன். தெரியாத பிள்ளை தப்புச் சொல்லாதுடா, வாயவே தொறக்காது. போன வாரம் ஒண்ணு அழுது பாயிலயே ஒண்ணுக்குப் போயிருச்சு. தப்பைத் தைரியமாச் சொல்லணும்னா அதுக்குச் சரி தெரிஞ்சிருக்கணும். ஒங்க அக்கா மக இருக்குல்ல?”

அக்கா நான்சியின் மகள் ஷர்லிக்கு ஐந்து வயது. அவளுக்கு எழுத்தும் எண்ணும் வந்ததே அந்தக் கிளியால்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்காருவாள். பாயில் இருக்கிற பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். ஆனால் வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். பெயர் கேட்டால்கூட வாயிலிருந்து சத்தம் வராது.

அக்காவுக்கு அதுதான் கவலை. ஜூன் மாதம் ஷர்லியைக் கான்வென்ட்டில் நேரே ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நினைத்திருந்தாள். தலைமை சிஸ்டர், “எழுத்து பூரா, இருபது வரைக்கும் எண்ணு, எம் முன்னாடி அவளே சொல்லட்டும். சொன்னா ஒண்ணாம் வகுப்பு. இல்லைன்னா யூகேஜி” என்று சொல்லியிருந்தார். அத்தான் பீட்டர் குவைத்திலிருந்து தினமும் இதையேதான் கேட்டார்.

நான் அக்காவிடம் பேசினேன். “கேமரா முன்னாடி சொல்லிட்டான்னா சிஸ்டர் முன்னாடி சொல்ல மாட்டாளா?”

“அது சரிடா. தெரிஞ்ச பிள்ளைய எதுக்குத் தப்பாச் சொல்லச் சொல்றான்?”

“விளையாட்டுக்கா. மொதல்ல ஒரு தப்பு. கடைசியில அவளே தனியா நின்னு எல்லாத்தையும் சொல்றா. கொய்யா கை தட்டும். ரகு சொல்லிருக்கான்.”

ஷர்லியை ஒத்துக்கொள்ள வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“ஆனைதான மாமா பெருசு?”

“ஆமா.”

“பெறகு எறும்புன்னு சொன்னா கொய்யாவுக்குக் கோவம் வராதா?”

“வராது. அது சும்மா சிரிக்கும். அப்பறம் நீ எல்லாத்தையும் சரியாச் சொல்லுவல்ல, அதத்தான் எல்லாரும் பாப்பாங்க.”

“அப்பாவும் பாப்பாங்களா?”

“அப்பாவும்.”

படப்பிடிப்பு நன்றாகத்தான் நடந்தது. கொய்யாவை நேரில் பார்த்ததும் ஷர்லிக்குக் கூச்சம் போய்விட்டது. கிளி யானைப் படத்தையும் எறும்புப் படத்தையும் தூக்கிக் காட்டியது. ஷர்லி எழுந்து நின்று, “எறும்புதான் பெருசு!” என்று கத்தினாள். கிளி மேசையில் மல்லாந்து விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அதன்பிறகு அவளைப் பலகை முன்னால் நிறுத்தினார்கள். எழுத்துகளை ஒரே மூச்சில் படித்தாள். பிறகு எண்கள். அவள் எண்ணும்போது பதினொன்றில் ஒரு நொடி நின்று, வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி பன்னிரண்டுக்குக் குதிப்பாள். நான் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினான்கு சொன்னபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. மில் பஞ்சு நெஞ்சில் சேர்ந்த இருமல், அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை. ஷர்லி என் பக்கம் திரும்பாமல் இருபது வரை போனாள்.

“மறுபடி எடுக்கணுமாடா?” என்று கேட்டேன்.

“வேணாம் வேணாம். சூப்பராச் சொல்லிருச்சு. இருமலை எடிட்டுல தூக்கிரலாம்” என்றான் ரகுநாத். கிளியை மாட்டிய கையாலேயே அவள் கன்னத்தைத் தட்டினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டிருந்தாள். செல்போனில் பீட்டர் அத்தானைப் பிடித்து டிவிக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். ஷர்லி கிறிஸ்துமஸ் கவுனைப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

எறும்புதான் பெருசு வந்தது. கிளி விழுந்தது. அதோடு விடவில்லை. ரகுநாத் அதையே மறுபடியும் மறுபடியும் ஓட்டியிருந்தான். ஒவ்வொரு தடவையும் ஷர்லியின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது, கூடவே கழுதை கத்துகிற சத்தம்.

“என்னடி தங்கம், எறும்பா பெருசு?” என்று போனுக்குள் அத்தான் சிரித்தார். பக்கத்து வீட்டு ஆட்களும் சிரித்தார்கள்.

“இருங்கப்பா, இப்ப வரும்” என்றாள் ஷர்லி.

பாட்டு வந்தது. ஒரு நர்சரி பள்ளியின் விளம்பரம் வந்தது. பிறகு பலகை வந்தது. பலகை முன்னால் வேறொரு சிறுமி நின்றாள். பட்டுப்பாவாடை, இரண்டு பக்கமும் ரோஜா. கீழே பெயர் போட்டிருந்தார்கள்: சுடர்விழி. எழுத்துகளைப் படித்தாள். எண்ண ஆரம்பித்தாள்.

“எவ்வளவு அழகாச் சொல்லுது பாரு அந்தப் பிள்ளை” என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது.

“அது நான்” என்றாள் ஷர்லி.

“சும்மா இருடி.”

“அது நான்ம்மா. நான் சொன்னது.”

“எல்லாரும் இருக்காங்க, பொய் சொல்லாத பாப்பா. அது யாரோ பிள்ளை.”

பதினொன்றில் அந்தச் சிறுமி நிற்கவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. குரல் மட்டும் நின்றது, நின்று பன்னிரண்டுக்குக் குதித்தது. பதினான்கு முடிந்ததும் படத்துக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் இருமினான்.

அது என் இருமல்.

“அக்கா, இவ சொல்றது நெசம்” என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். போனில் அத்தான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அத்தான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நேரே இலுப்பூர் போனேன். ரகுநாத் கம்ப்யூட்டர் முன்னால் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கிளி நாற்காலியில் கிடந்தது.

“வாடா, பாத்தியா? எறும்பை மட்டும் தனியா வெட்டிப் போட்டேன், எல்லாரு ஸ்டேட்டஸ்லயும் அதான் ஓடுது. ஒம் மருமக பெரிய ஆளாயிட்டா.”

“பலகை முன்னாடி நின்னது யாருடா?”

அவன் கொஞ்சம் மென்றான். “விளம்பரம் பாத்தியே, அந்த நர்சரிக்காரரு மக. இனிமே நிகழ்ச்சிக்கு அவருதான் காசு குடுக்குறாரு. எம் மக கடைசியில நின்னு சொல்லணும்னாரு. அது என்னடான்னா ஏழுக்கு மேல தட்டுத் தடுமாறுது. நான் என்ன பண்ண?”

“அதுக்கு ஷர்லி கொரலை எடுத்துக்கிட்டியா?”

“கொரலுதானடா. மூஞ்சியையா எடுத்தேன்?”

“அவ மூஞ்சிக்குக் கழுதைச் சத்தம் போட்டிருக்க.”

“அது காமெடி. யாருக்குடா தெரியப் போவுது?”

“அவளுக்குத் தெரியும்.”

“அஞ்சு வயசுப் பிள்ளை. ரெண்டு நாள்ல மறந்துரும்.” கையைக் கழுவிவிட்டு வந்து கிளியை எடுத்து மாட்டினான். கிளி என் தோளில் மூக்கை இடித்தது. “ஜோஸு மாமா, ஜோஸு மாமா, கொய்யா சாரி சொல்லுது. கோவிச்சுக்காத மாமா.”

ஷர்லிக்குச் சொல்லிக் கொடுத்த அதே குரல்.

“கிளியக் கழட்டுடா.”

“அடுத்த வாரமும் ஷர்லியக் கூட்டிட்டு வா மாமா. அவ மாதிரித் தப்புச் சொல்ல ஆளு இல்ல.”

கிளியை அவன் கையிலிருந்து உருவி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். ஃபர்னிச்சர் கடை வாசலில் வெயிலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாயில் போய் விழுந்தது. ரகுநாத் முதலில் கிளியைத்தான் எட்டிப் பார்த்தான். பிறகு திரும்பி, அத்தனை வருடமும் சொல்லாததைச் சொன்னான்.

“படிப்பைத்தான் பாதியில விட்ட. இந்த லைட்டுப் பிடிக்கிற வேலையையாச்சும் கடைசி வரைக்கும் ஒழுங்காப் பாக்கத் தெரியுதா ஒனக்கு?”

நான் இறங்கி வந்துவிட்டேன்.

தெருப் பிள்ளைகள் ஷர்லியைப் பார்த்தால், “ஏ ஷர்லி, கொசு பெருசா, பஸ்சு பெருசா?” என்று கேட்டார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போட்டால் எழுந்து வெளியே போனாள். என்னிடம் பேசினாள். ஆனால் நான் எதைச் சொன்னாலும் அக்காவைப் பார்த்து, “நெசமாம்மா?” என்று கேட்டுக்கொண்டாள்.

ஜூன் மாதம் கான்வென்ட்டுக்கு நான்தான் பைக்கில் கூட்டிப் போனேன். அக்காவுக்கு அன்று நூறு நாள் வேலை. சிஸ்டர் நல்லவர். ஷர்லியைப் பக்கத்தில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணுலேருந்து சொல்லு பாப்பம்.”

ஷர்லி அறையைச் சுற்றிப் பார்த்தாள். வாசல் பெஞ்சில் அட்மிஷனுக்கு வந்த இன்னொரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். ஷர்லியின் பார்வை அங்கேயே நின்றது.

“நான் சொன்னா அத யாருக்கு வைப்பீங்க?”

சிஸ்டருக்குப் புரியவில்லை. “யாருக்கு வைக்கிறதா? என்னம்மா கேக்குற?”

“அந்தப் பிள்ளைக்கா?”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து, “யாருக்கும் இல்ல பாப்பா. ஒனக்குத்தான். நீதான் சொல்ற, ஒனக்குத்தான்” என்றேன்.

ஷர்லி என் முகத்தையே பார்த்தாள். நெசமா என்று கேட்க அக்கா பக்கத்தில் இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

சிஸ்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். மிட்டாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள், பேசவில்லை. டிவியில் நடந்ததை நான் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

“நீங்க சொல்றத நம்புறேன் தம்பி. ஆனா வாயத் தொறக்காத பிள்ளைய ஒண்ணாம் வகுப்புல நாப்பது பேருக்கு நடுவுல உக்கார வச்சா இன்னும் ஒடுங்கிரும். யூகேஜியில இருக்கட்டும்.”

யூகேஜி படிவத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன்.

திரும்பும்போது ஷர்லி பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்திருந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் மெல்லிய சத்தம் கேட்டது. ரோட்டோரக் கரண்டுக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். பதினொன்றில் நின்றாள். அடுத்த கம்பம் வந்ததும் பன்னிரண்டுக்குக் குதித்தாள். சரியாகக் கேட்கவேண்டும் என்று வண்டியை மெதுவாக்கினேன். இருபதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்கு இருமல் வந்தது. அவள் நிறுத்திவிட்டாள். வீடு வரும்வரை அடக்கிக்கொண்டுதான் வந்தேன். அவள் மறுபடி ஆரம்பிக்கவில்லை.