நாலு பதிவிலும் தண்ணீர்ச் சத்தம்

மனநல ஆலோசகர் இருபது வருஷமாக அந்த அறையில் குப்பை கொட்டியவர். போதாக்குறைக்கு ஏழு நாள் பயிற்சிக்கு வேறு போய்வந்தார். பட்ட கொடுமையை ஒன்று விடாமல் சொல்லவைத்தே ஆற்றுகிற, ஆராய்ச்சியில் பலன் நிரூபணமான முறை அது. சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியுமாயிற்று.

அத்தோடு விட்டார்களா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பயிற்சி கொடுத்தவர்களுக்கே தெரிந்திருந்தது. வாராவாரம் திங்களன்று துணைக்கென்று ஒருத்தி ஃபோனில் வந்துவிடுவாள். ஆலோசகரைவிடப் பத்து வயது சின்னவள். ஆபீஸில் அவளுக்குத் 'திங்கட்கிழமை' என்றே பெயர்.

"அக்கா, வெல்டரோட நாலு பதிவையும் கேட்டுட்டேன்," என்றாள்.

"நாலுமா?" ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஆலோசனைக்கு வருகிற வெல்டர் சம்மதித்துத்தான் அமர்வுகளைப் பதிவு செய்து அனுப்பியது. ஆனாலும் பேருக்கு ஐந்து நிமிஷம் கேட்பாள் என்றுதான் ஆலோசகர் நினைத்திருந்தார்.

"மூணாவதை ரெண்டு தடவை. நாலுலயும் தண்ணி ஊத்துற சத்தம் கேக்குதுக்கா. ஒரே எடத்துல. 'மச்சான் உள்ளேருந்து கூப்பிட்டான்'னு அவர் சொன்ன உடனே."

"அழுதாரும்மா. ஒரு வாய் தண்ணி குடுக்கறது தப்பா?"

"தாகம் யாருக்குக்கா?"

சுருக்கென்றது. முளைத்து மூன்று இலை விடவில்லை, என்ன வாய் என்று கோபம் கோபமாக வந்தது.

பட்டறையில் சிலிண்டர் வெடித்து வெல்டரின் தங்கை கணவர் போய்ப் பத்து மாதம். வெல்டர் அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் தங்கையின் முகத்தில் விழிக்கவில்லை. "கூப்பிட்டான், நான் வெளிய ஓடி வந்துட்டேன்" என்பதே எல்லோரிடமும் அவர் சொன்ன கதை. ஆலோசனைக்கு வருவதை வருகிற வியாழனோடு நிறுத்திக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

"பயமா இருக்கும்மா," என்றார் ஆலோசகர் கடைசியில். "மேல கேட்டா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரோன்னு."

"உங்களுக்குத் தண்ணி ஜாடின்னா எனக்கு டிஷ்யூ பெட்டி, அக்கா. அதை வெச்சே எத்தனை பேர் வாயை அடைச்சிருக்கேன் தெரியுமா? வாங்க, பழகிப் பாப்போம். நான்தான் வெல்டர்."

அவள் வெல்டராகவே விம்மினாள். சட்டென நிறுத்தி, "கை எங்கக்கா இருக்கு?" என்றாள்.

"ஜாடி மேல."

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஐந்து தடவை பழகினார்கள்.

"வியாழக்கிழமை பதினொண்ணுலேருந்து ஃபோன் பக்கத்துலயே இருப்பேன். கூப்பிடணும்னு இல்ல. இருக்கேன்னு தெரிஞ்சா போதும்."

வியாழனன்று ஜாடி வரவேற்பறை மேசைக்குப் போய்விட்டது. ஆலோசகர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"மச்சான் உள்ளேருந்து கூப்பிட்டான்..." வெல்டர் நின்றுவிட்டார். தோள்கள் குலுங்கின. பழகிய வாக்கியம் ஒன்றுதான் கைவசம் இருந்தது.

"இங்கதான் இருக்கேன். அப்புறம் என்ன ஆச்சு?"

ஜாடி இருந்த இடத்தை வெல்டர் ஒரு தடவை பார்த்தார்.

"கதவை இழுத்தேன். கைப்பிடி கொதிச்சுது. விட்டுட்டேன். மறுபடி இழுத்தேன்..." அவர் தன் உள்ளங்கைகளை விரித்தார். இரண்டிலும் குறுக்கே தழும்பு. அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போல் பார்த்தார். "திரும்பிப் போயிருக்கேன், மேடம். நான் திரும்பிப் போயிருக்கேன்."

கண்ணைத் துடைக்க அவருக்கு வெகுநேரமாயிற்று. பிறகு மெல்லச் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் கதையில இந்த எடத்துக்கு வர்றப்ப தண்ணி குடுத்துருவீங்க. உங்களால தாங்க முடியலை போலன்னு நானும் நிறுத்திக்குவேன்."

ஆலோசகருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அடுத்த வாரமும் வர்றேன்," என்றார் வெல்டர் வாசலில். "அதுக்கு முன்னாடி தங்கச்சியப் பாக்கணும்."

அவர் போனதும் ஆலோசகர் ஃபோனை எடுத்தார். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள். மணி ஒன்றாகப் போகிறது. சொன்னபடி உட்கார்ந்தே இருந்திருக்கிறாள், புண்ணியவதி!

"அவர் கதவை..." இருபது வருஷம் பிறர் அழுகையைக் கேட்டவர் தேம்பித் தேம்பி அழுதார்.

அந்தப் பக்கம் சமாதானம் இல்லை, 'பரவால்லக்கா' இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இங்கதான் இருக்கேன்கா," என்றாள் திங்கட்கிழமை. "அப்புறம் என்ன ஆச்சு?"