ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும்?

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்துகள் வேண்டும். மாணவிக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று, பள்ளியின் வழிகாட்டி ஆசிரியருக்கு ஒன்று. அம்மா ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிட்டாள், பேங்கில் போடுவதைவிட நிதானமாக, எழுத்தெழுத்தாக. புதன்கிழமை காலையிலும் மகளின் இடம் வெறுமையாகவே இருந்தது. வெள்ளி மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

கடல் கடந்த அந்தக் கல்லூரிக்கு இரண்டு விதமாக விண்ணப்பிக்கலாம். எல்லோரும் போடும்போது போடலாம். அல்லது இரண்டு மாதம் முந்திப் போடலாம். முந்திப் போட்டால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் கிடைத்துவிட்டால் வேறு எந்தக் கல்லூரியையும் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது, அங்கேதான் சேர வேண்டும். மூன்று பேர் கையெழுத்துப் போடுவது அதற்குத்தான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். மீதியைக் கல்லூரி உதவியாகத் தரும். தொகை குறையக் குறைய, இடம் கிடைப்பதும் கடினம். வழிகாட்டி ஆசிரியர் இதை ஒளித்து மறைக்காமல் சொல்லியிருந்தார்.

"கொஞ்சம் தூக்கி எழுத முடிஞ்சா எழுதுங்கம்மா. பொண்ணு கெட்டிக்காரி. கைக்கெட்டுற தூரத்துல இருக்கு."

அம்மா தூக்கித்தான் எழுதினாள். ஆஸ்பத்திரியில் அவள் வாங்கும் சம்பளத்தில் பத்து மாதத் தொகை. அவள் அனுபவத்தில் பெரிய செலவு என்பது ஒரே ஒரு முறை வருவது. வீட்டு அட்வான்ஸ் அப்படி, நாத்தனார் கல்யாணம் அப்படி, வீட்டுக்காரரின் முதுகு ஆபரேஷனும் அப்படி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தூக்குத் தூக்கினால் மேலே ஏறிவிடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, வெளியார் எவ்வளவு முடியும் என்று கேட்டால் குறைத்துச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. தொகையில் பாதிக்கு மேல் அவள் தம்பி தலையில். அவனுக்குச் சொந்தமாக ஒரு வேன், பர்னிச்சர் கடைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்குவான். போனில் அவள் பேச்சை முடிக்கக்கூட விடவில்லை அவன். "எழுதிக்கோக்கா. என்கிட்ட இதெல்லாம் கேக்கணுமா?" என்றான். மகளிடம் அவள் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் கருவிகளைக் கழுவி, நீராவியில் வேகவைத்து, துணியில் சுற்றிப் பொட்டலம் கட்டும் பிரிவு அவளுடையது. அன்று மதியம் கத்திரிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது வாசலில் இருந்த ஆள் கூப்பிட்டான். "அக்கா, உங்க வக்கீல் வந்திருக்கு."

எதையும் கேள்வி கேட்டே பழகியதால் வீட்டில் மகளுக்கு அந்தப் பெயர். அது ஆஸ்பத்திரி வரை எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

பின்கேட்டில் தம்பியின் வேன் நின்றது. மகள் அதிலிருந்து இறங்கினாள். சட்டை முழுக்கத் தூசி, முழங்கையில் ஒரு சிராய்ப்பு.

"படிப்பு லீவுன்னு சொல்லிட்டு எங்கடி சுத்திட்டு வர்ற?"

"மாமாகூடத்தான். காலையிலேருந்து."

"அக்கா, உன் பொண்ணு மூணு சோபா இறக்கிட்டா," என்றான் தம்பி ஸ்டியரிங்கில் இருந்தபடியே. "கூலி கேட்டா குடுத்துடுவேன். வேற என்னவோ கேக்குறா."

மகள் அவளைச் சுவரோர நிழலுக்கு அழைத்துப் போனாள். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு அவளே எழுதிக் கேட்டு வாங்கிய பதில்.

"அம்மா, நீ எழுதினது ஒரு வருஷத்துக்கு மட்டும் இல்ல. நாலு வருஷமும் வருஷா வருஷம் அதே தொகை. முதல் தடவை கேக்காத உதவியைப் பின்னாடி கேட்டா தர மாட்டாங்களாம். நான் ரெண்டு தடவை எழுதிக் கேட்டுட்டேன்."

அம்மா காகிதத்தை வாங்கவில்லை. "அதெல்லாம் பாத்துக்கலாம். மாமா இருக்கான்."

"அதைத்தான் மாமாகிட்ட கேட்டேன்."

"என்னத்தக் கேட்ட?"

"ரெண்டாவது வருஷம் என்ன பண்ணுவீங்க மாமான்னு. வண்டிய வித்துட்டு வாடகை வண்டி ஓட்டுவேன்னாரு. சட்டை மாத்துற மாதிரி சொல்றாரும்மா."

அம்மாவுக்குக் காது மடல் சூடேறியது. "அறிவிருக்கா உனக்கு? ஒரு மனுஷன் தர்றேன்னு சொன்னா, அவன்கிட்டயே போய் எங்கேருந்து தருவீங்கன்னா கேப்பாங்க? அவன் என்ன நெனச்சிருப்பான்?"

"அவர் வண்டியில உட்காந்து கேட்டேன், அவரோட சேர்ந்து சோபாவை ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு கேட்டேன். போன்ல கேட்டுட்டு வெக்கல."

அந்த அடி யார் மேல் விழுந்தது என்று இருவருக்கும் தெரிந்தது. மகள் உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, நிஜமான தொகையை எழுதி முந்திப் போடு. முந்துறதாவது மிஞ்சும்ல?" என்றாள் அம்மா.

"அதையும் யோசிச்சேன். முந்திப் போட்டா அவங்க குடுக்கிறதுதான் உதவி. அது பத்துமா பத்தாதான்னு ஒப்பிட்டுப் பார்க்க நம்ம கையில வேற ஒரு லெட்டரும் இருக்காது. அதனால எல்லாரோடயும் சேர்ந்து போடுறேன். அந்தக் காலேஜுக்கும் போடுறேன், இன்னும் ஆறுக்கும் போடுறேன். எல்லாத்துலயும் ஒரே தொகை, நம்மால முடிஞ்ச தொகை."

"கிடைக்கலன்னா?"

"கிடைக்காமப் போகலாம்."

"உனக்கு அதுதானே வேணும்?"

அந்தக் கல்லூரியில் ஒரு கூடம் இருந்தது. மாணவர்கள் சின்னச் சின்னப் பாலங்கள் கட்டி, எடை ஏற்றி ஏற்றி உடைத்துப் பார்ப்பார்கள். அந்த வீடியோவை மகள் எத்தனை முறை பார்த்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை. சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாலம் முறிகிற இடம் வந்ததும் வாய்க்குப் போகிற கை நின்றுவிடும்.

"வேணும்மா," என்றாள். "ரொம்ப வேணும்."

அவள் குரல் உடையவில்லை, கண்ணும் கலங்கவில்லை. அழுதிருந்தால் அம்மா அதட்டியாவது கையெழுத்து வாங்கியிருப்பாள். இந்தப் பெண் தனக்குப் பிடித்ததைத் தன் கையாலேயே எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் பாரத்தில் யாருக்கும் பங்கு கொடுக்காமல் நிற்கிறாள். மாமாவைக் குறை சொல்லவில்லை. அம்மாவையும், அந்த ஒரு வரியைத் தவிர, எதுவும் சொல்லவில்லை. பதினேழு வயதில் தான் எப்படி இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள் அம்மா. இதில் கால்வாசி நிதானம்கூட நினைவுக்கு வரவில்லை.

வேனிலிருந்து தம்பி குரல் கொடுத்தான். "அக்கா, அவளைத் திட்டாத. காலையிலேருந்து அவ பேசுனதுல ஒரு வார்த்தைகூட என்னைக் கீழ எறக்கல. சோபாவைத்தான் ஒரு தடவை எறக்கி என் கால்மேல வெச்சுட்டா."

"நீ வாய மூடு. வண்டிய விக்கிறானாம், பெரிய கொடைவள்ளல்."

"நீதானே கேட்ட?"

"கேட்டா? முடியாதுன்னு சொல்லத் தெரியாதா உனக்கு?"

"உனக்குத் தெரியுமா?" என்றான் தம்பி. அம்மா உள்ளே போய் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்று பேரும் வேனின் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து பள்ளிக்குப் போனார்கள். வழிகாட்டி ஆசிரியரின் அறை ஆய்வுக்கூடத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருந்தது, ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். தம்பி வெளியே நின்றுகொண்டான்.

ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "வாய்ப்பு எவ்வளவு குறையும்னு தெரியும்ல?"

"தெரியும் சார். போன மூணு வருஷத்து எண்ணிக்கையை எடுத்து வெச்சிருக்கேன்."

"நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"மாட்டேன் சார். ஏழு காலேஜுக்கும் நீங்கதான் பரிந்துரைக் கடிதம் அனுப்பணும், அந்த நேரத்துல எப்படிக் குத்தம் சொல்றது?"

"ஏழா?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "வீட்ல இவளை எப்படிம்மா சமாளிக்கிறீங்க?" என்றார். கேலியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது அது மரியாதையாகிவிட்டது.

அம்மா தன் பழைய படிவத்தை மகளிடமிருந்து வாங்கி நாலாகக் கிழித்தாள். அழகாகப் போட்ட கையெழுத்து போனதில் ஒரு சின்ன வருத்தம் இருந்தது. ஆசிரியர் வழக்கமான விண்ணப்பத்துக்கான புதுப் படிவத்தை நீட்டினார். அந்தக் கட்டம் வந்தது. வீட்டு வாடகை, மளிகை, வீட்டுக்காரரின் மருந்து எல்லாம் போக, எந்த மாதமும் தவறாமல் மிஞ்சுவது எது என்று அவளுக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை, அதனால் வெளியே சொன்னதும் இல்லை. பன்னிரண்டால் பெருக்கி எழுதினாள்.

ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதான் சார்," என்றாள் அம்மா. "ஆனா நாலு வருஷமும் வரும்."

பேனாவை மகளிடம் கொடுத்தாள். அவள் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.