சீனத்துப் பானையில் கேழ்வரகு

சித்தூரிலிருந்து ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து, ஐந்து வருஷமாகத் திருப்பதியில் ஓர் ஆய்வகத்துக்கு வந்துபோகிறவள் கன்னிகா. சீனாவில் மஞ்சளாற்றங்கரையில் தோண்டியெடுத்த ஐயாயிரம் வருஷத்துப் பானை ஓடுகளைச் சுரண்டி, ஒட்டியிருக்கும் மாவுத் துகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஜனங்கள் எதைப் பொங்கித் தின்றார்கள், மழை குறைந்தபோது எந்தப் பயிருக்கு மாறினார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் வேலை. ஐந்து வருஷமும் அவள் கண்ணில் பட்டது தினை, பனிவரகு, மறுபடியும் தினை.

உதயா வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நகரியில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். போன செவ்வாய்க்கிழமை, அதே ஓடுகளில், அவளுக்குப் போய்க் கேழ்வரகு கிடைத்துவிட்டது!

கேழ்வரகு ஆப்பிரிக்காவில் பிறந்த தானியம். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் அது சீனத்துப் பானையில் வெந்தது என்றால் புத்தகங்களையே திருத்தி எழுத வேண்டும். பேராசிரியர் ஜெகநாதன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அக்டோபரில் சீனாவில் மாநாடு, இவர்களுக்கு ஒரே ஓர் இடம்.

“உதயா, நீதாம்மா போற,” என்றார்.

கன்னிகாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? அந்த இடத்துக்காக மூன்று வருஷம் முன்பே பாஸ்போர்ட் எடுத்து பீரோவில் வைத்திருந்தவள் அவள். “ரொம்ப சந்தோசம்டி,” என்று சொல்லிவிட்டுப் போய் வாயைக் கொப்பளித்தாள்.

மறுநாள் மதியம் உதயா டிபன் பாக்ஸைத் திறந்தாள். கேழ்வரகுக் களி.

“நீ திங்கக்கெழம கொண்டாந்து குடுத்த பலமனேர் மாவுதான்க்கா. சூப்பரா கீது, நேத்தும் இதான். ஒரு வாய் துன்னு பாரேன்.”

கன்னிகா களியைப் பார்க்கவில்லை. பிசைகிற விரல்களைப் பார்த்தாள். அட, இதுதானா சங்கதி! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போதே காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். சொல்வாளா? வெள்ளிக்கிழமைக் கூட்டம்வரை வாயை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

கூட்டத்தில் துறையே உட்கார்ந்திருந்தது. உதயா படங்காட்டி முடித்ததும் கன்னிகா எழுந்தாள்.

“சார், களி துன்ன கையோட வந்து ஸ்லைடு போட்டா, சீனாவுல மட்டுமா? நிலாவுலகூட கேவுரு கெடைக்கும்.”

கொல்லென்று சிரிப்பு. உதயாவின் முகம் சுண்டிப்போனது. கன்னிகாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அப்படிக் குளிர்ந்தது.

ஜெகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“கேழ்வரகுதான். ஆனா களியும் இல்லம்மா, பானையில வெந்ததும் இல்ல. வெந்தா துகள் ஊதி, உருவமே போயிடும். இது மூலை மழுங்காம அப்படியே இருக்கு. பச்சை மாவு. பச்சை மாவை யாரு உள்ள கொண்டாந்தது?”

கன்னிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை காலை, பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே உள்ளே வந்தவள் யார்? ஸ்லைடுகள் காய்ந்துகொண்டிருந்த மேஜைமேலேயே பையை வைத்து முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி, “எவ்ளோ நைசா கீது பாரு,” என்று காட்டியவள் யார்? ‘உணவுப் பொருள் கொண்டுவரக் கூடாது’ என்று கதவில் ஒட்டியிருப்பது அவள் கையெழுத்துதான். மல்லாந்து படுத்துத் துப்பினால் மாரில்தானே விழும்!

உதயா ஒரு தரம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

“என் மாவு சார்,” என்றாள் உதயா. “நான்தான் கொண்டாந்து வச்சேன். தப்பு என்னுது.”

ஜெகநாதன் கண்ணாடியைக் கழற்றினார். “நல்லவேளை, கட்டுரை அனுப்பல. மறைக்காம ஒத்துக்கிட்டியே, அதுவே பெருசு. மாநாட்டுக்குக் கன்னிகா போகட்டும்.”

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஒருத்தராவது கன்னிகாவைத் திரும்பிப் பார்க்க வேண்டுமே! அத்தனை கண்ணும் உதயாமேல். பக்கத்திலிருந்த ஆய்வு மாணவி ரூபா உதயாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். ஜெகநாதன் தம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார். ஐந்து வருஷத்தில் அவர் கன்னிகாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

அடிப்பாவி, கேழ்வரகும் உனக்கு, நல்ல பேரும் உனக்கா?

“பொய் சார்!” கன்னிகா கத்தியே விட்டாள். “மாவு என்னுது. நான்தான் மேஜைமேல வச்சு அவுத்தேன். அவ சும்மா என்னைக் காப்பாத்திக்கினு கீறா.”

ஜெகநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாநாட்டுப் பட்டியலில் அப்போதுதான் எழுதியிருந்த கன்னிகாவின் பெயரையும் அடித்தார்.

வெளியே படியிறங்கும்போது உதயா அவள் கையைப் பிடித்தாள். “ஏன்க்கா சொன்ன? சீனா உனக்கு வந்துட்டிருந்துச்சே?”

கன்னிகா கையை உதறினாள். “நீ மட்டும் நல்லவளா இருந்துட்டுப் போயிடுவியா?”