ராமராஜனிடம் சொல்லாத மாத்திரை

பட்டுக் கடையில் பத்மராஜ் சேலை விரித்துக் காட்டினால் வாங்காமல் எழுந்து போகிறவர்கள் குறைவு. மூன்று வாரமாக, ஒரு சேலையை முழுதாக விரிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிடுகிறது. கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள் முந்தானையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். "மொதல்ல டெஸ்ட் எடுத்துட்டு வாப்பா" என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. மனைவி சாந்திமதியோடு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு, மாத்திரை கொடுக்கும் மேசையில் இருந்த ஊழியரைக் கண்டதும் வியர்த்துவிட்டது. ராமராஜன்! சொந்த ஊர், அடுத்த தெரு.

பத்மராஜுக்கு எச்.ஐ.வி. இருப்பது ஊரில் சாந்திமதிக்கு மட்டுமே தெரியும். ஆறு வருடமாக வேலூருக்குப் போய் அந்தக் கிருமியை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து வாங்கி வந்து, தினமும் காலையில் தவறாமல் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தார். சர்க்கரை நோயைப் பந்தியிலேயே உரக்கச் சொல்லும் நம் ஜனங்கள், இந்த நோயின் பேரைக் கேட்டால் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்களே! அவர் பயந்ததில் என்ன ஆச்சரியம்?

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டுக்கினு இருக்கீங்களாண்ணா?" என்று கேட்டார் ராமராஜன்.

"இல்லபா."

"எச்.ஐ.வி. டெஸ்ட் ஒண்ணு எல்லாருக்கும் எடுக்கணும்."

"போன மாசமே எடுத்தாச்சு. ஒண்ணும் இல்ல."

ராமராஜன் நீட்டிய மாத்திரை அட்டையைச் சாந்திமதி வாங்கிக்கொண்டாள். பத்மராஜ் கேட்டும் கொடுக்கவில்லை.

"வேற எந்த மருந்து சாப்பிட்டாலும் சொல்லணும்னு வேலூர்ல சொன்னாங்கல்ல? நீங்க சொல்லாம இத முழுங்க விடமாட்டேன்."

"என்னாம்மா சொல்லணும்?" ராமராஜன் நிமிர்ந்தார்.

வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பத்மராஜ் மனைவியை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. அட்டையைப் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்குது." மேசைமேல் குனிந்து முணுமுணுத்தார். "அதுக்கும் மாத்திரை சாப்பிடறேன்."

ராமராஜன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"நல்லவேள சொன்னீங்க. இந்த டிபி மாத்திரை, அந்த மாத்திரையோட வேகத்த கொறைச்சிடும்ணா. அதுல இருக்கற ஒரு மருந்த மட்டும் சாயங்காலமும் ஒண்ணு போட்டுக்கச் சொல்லி டாக்டர் எழுதித் தருவாரு. நீங்கதான் பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டீங்களே, இருட்டறதுக்கு முன்னாடியே போட்டுக்கலாம்."

ஜைனர் வீட்டு வழக்கம் தெரிந்த ஊர்க்காரர் அல்லவா?

"ஊர்ல யாருக்கும்..." பத்மராஜ் தடுமாறினார்.

"என் வூட்லகூட பேச மாட்டேன். வெளிய சொன்னா சட்டப்படியே தப்புண்ணா."

பத்மராஜ் மனைவியிடம் கையை நீட்டினார். சாந்திமதி அட்டையை அவர் கையில் வைத்தாள்.

"ஊர்கிட்ட மறைக்கறது உங்க இஷ்டம்ங்க. மருந்து குடுக்கறவங்ககிட்ட மறைச்சா எந்த மருந்தும் காப்பாத்தாது!"