சு. வீடு

யோகலட்சுமிக்குச் சும்மா இருப்பதென்றால் வேப்பங்காய். தெற்கு ரத வீதியில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறாள். ஒரு கை துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போதே மறு கை டிராயரில் கிடக்கும் கோடு போட்ட நோட்டைத் தேடும். அவளுடைய லட்சியமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. போன ஆவணியில் இருபத்தொரு வரி. இந்த ஆடி பிறக்கும்போது நூற்றெட்டு. ஸ்கூட்டரில் தென்காசி வரை தனியாகப் போக வேண்டும், சீனியைக் குறைக்க வேண்டும், இந்தி படிக்க வேண்டும், நீச்சல் பழக வேண்டும். சங்கரன்கோவிலில் நீந்துவதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதைத் தேட வேண்டும் என்று இன்னொரு வரி எழுதுவாள்.

தன்னைப் படுத்துவது போதாதென்று சிநேகிதிகளையும் விடமாட்டாள். 'உயர்வோம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப். காலை ஐந்தரைக்கெல்லாம் அதில் அவள் குரல் வந்துவிடும். ஜஸீமாவின் வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில் இருக்கிறார். அதனால் பேங்க் வேலையை அவளே பார்க்கப் பழக வேண்டும். சுகிர்தா தினமும் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும். பாவம், அவள் மருந்துக்கடையில் பகல் பூராவும் நின்றே கால் வீங்கிப்போனவள். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஜஸீமா இன்றைக்கு யார் துணையும் இல்லாமல் பேங்குக்குப் போய் வருகிறாள் என்றால், அது யோகலட்சுமி கொடுத்த குடைச்சலில் வந்த தைரியம்தான்.

குரூப்பில் முன்பு நாலாவதாகச் சுப்புலட்சுமியும் இருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து யோகலட்சுமியோடு ஒரே பெஞ்சு. அரசாங்க வேலைக்கான பரீட்சையை ஐந்து வருடமாக எழுதினாள், எழுத வைத்தவள் இவள்தான். போன ஆவணியில் ரிசல்ட் வந்தது. சுப்புவின் நம்பர் அதில் இல்லை. மற்ற இரண்டு பேரும் ஆறுதலாக ஏதோ எழுதினார்கள். நம் ஆள் எழுதினாள்: "முயற்சி பத்தல சுப்பு. அடுத்த தடவ தெனம் ரெண்டு மணி நேரம் கூட்டு." கூடவே ஒரு கட்டைவிரல் படம். ஐந்து நிமிடத்தில் சுப்புலட்சுமி குரூப்பை விட்டு வெளியேறினாள். பதினோரு மாதமாகப் பேச்சு இல்லை.

ஆடி பிறந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், ஜாக்கெட் வாங்க வந்த சுகிர்தா, அதற்கு ஊக்கு தைத்து முடியும்வரை பொழுது போகாமல் நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"நூத்தெட்டு, சு. வீடு. இது என்னட்டி? சொந்த வீடா?"

"ஆமா."

"சொந்த வீட்டுக்கு 'சொ'ன்னுல்லா போடணும்?"

"சுத்தமான வீடுட்டி. நோட்ட வை."

"நீதான் தெனமும் வீட்டக் கழுவிக் கழுவி ஊத்துதியே. அத எதுக்கு எழுதணும்?" சுகிர்தா பழைய பக்கங்களுக்குப் போனாள். பட்டியல் நீள நீள, யோகலட்சுமி அதைத் திரும்பத் திரும்பப் புதிதாக எழுதியிருந்தாள். "இங்கன பாரு. இருபத்தொண்ணு இருக்கும்போது சு. வீடு மொத வரில இருக்கு. பெறவு நாப்பதாவது. பெறவு எழுபது. புதுசு புதுசா எழுதி இத மட்டும் கீழ தள்ளிட்டே வந்திருக்க." நோட்டை மூடினாள். "சுப்பு வீடுதான?"

யோகலட்சுமி மிஷினை வேகமாக மிதித்தாள்.

"எங்கள எல்லாம் குத்திக் குத்தி எழுப்புத. நீ ரெண்டு தெரு நடக்க மாட்டியோ?"

அது சுருக்கென்று தைத்தது. அன்று மாலை ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கு இரண்டு வலது கைகளை வெட்டி வைத்தாள். பதினெட்டு வருடத் தொழிலில் அப்படி நடந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் கோயிலுக்குப் போனாள். சுப்பு வீட்டுக்குப் போகிற தெருவில் திரும்பாமல், நேரே. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறி, ஊரே ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்றவள். நூற்றெட்டு முறை சுற்றுகிறவர்கள் அவளுடைய கால்வலியில் கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. யோகலட்சுமியின் நோட்டில் அது ஐம்பத்தேழாவது வரி. நூற்றெட்டுப் புளியங்கொட்டைகளை எண்ணிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாகத் தூணடியில் போட்டு வந்தாள்.

பதினாலாவது சுற்றில், பத்துப் பேருக்கு முன்னால் ஒரு முதுகைப் பார்த்தாள். புத்தகப்பை சுமந்து சுமந்து இடது தோள் சற்றே இறங்கிய முதுகு. ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்த முதுகு.

எட்டி நடந்தாள். இரண்டு பேர் இடைவெளிக்கு வந்ததும் பின்தங்கினாள். மறுபடி எட்டி நடந்தாள், மறுபடி பின்தங்கினாள். இப்படியே எத்தனை சுற்று என்று அவளுக்கே தெரியாது. பாதம் கொதித்தது. எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்றுகிறார்கள், நின்றால் சுப்புவே வந்துவிடுவாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. நிற்பது என்று நூற்றெட்டு வரியில் ஒரு வரிகூட இல்லை.

தூணோரம் நின்றாள். "ஓரமா நில்லும்மா" என்று யாரோ தள்ளிக்கொண்டு போனார்கள். நடந்ததைவிட நிற்கத்தான் கால் அதிகம் வலித்தது. ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை வாசல் பக்கம் பார்த்தாள். நின்றாள்.

சுப்புலட்சுமி வந்தாள், பார்த்தாள், நின்றாள்.

"அஞ்சு வருசம் நாலு மணிக்கு எந்திச்சேன்" என்றாள், நேற்று விட்ட பேச்சைத் தொடர்வது போல. "பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போதும் மடில போட்டுட்டுப் படிச்சேன். பதினோரு மாசமா யோசிக்கேன். எது பத்தல யோகா? நீ சொல்லு."



"ஒண்ணும் கொறையல" என்றாள் யோகலட்சுமி. "நீ தோத்தத என்னால தாங்க முடியல. அதான் பழிய ஒன் தலைல போட்டேன். தப்பு எம்மேலதான் சுப்பு." அதற்குமேல் முடியவில்லை, அழுதுவிட்டாள்.

சுப்புலட்சுமி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நின்னா கால் பிடிச்சுக்கிடும். நடந்துகிட்டே அழு."

நடந்தார்கள். பாதிச் சுற்று போனதும் சுப்பு கேட்டாள்.

"ஒனக்கு இது எத்தனாவது சுத்து?"

யோகலட்சுமி சுருக்குப்பைக்குள் கையை விட்டாள். அந்த முதுகைப் பார்த்ததிலிருந்து ஒரு கொட்டைகூடப் போடவில்லை.

"தெரியல."

"நீயா எண்ணாம சுத்துன?" சுப்பு முதன்முதலாகச் சிரித்தாள். "சரி, இத ஒண்ணுன்னு வச்சிக்க."