கடைக்கயிற்று வீரம்மா

மலாயாவின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களுக்கிடையே ஆண்டுதோறும் நடைபெற்ற விளையாட்டு விழாவில், பெண்களின் கயிறு இழுக்கும் போட்டியே கடைசி நிகழ்ச்சி. அது முடியுமுன் வீடு திரும்பியவர் எவரும் இலர். 1927 முதல் ஏழாண்டுகள் ஏழாம் மைல் கல்லருகே இருந்த ஏழாங்கட்டைத் தோட்டத்து அணியில் கடைக்கயிறு பிடித்தவள் வீரம்மா. அணியின் எட்டாவது ஆள் அவள். கயிற்றின் நுனியைத் தோளுக்கும் இடுப்புக்குமாகச் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் புதைத்து நின்றாளானால், முன்னே உள்ள எழுவர் சறுக்கினாலும் கயிறு நகராது.

அவ்வணி ஐந்து முறை வென்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. அணிக்குக் குரல் கொடுத்த பவுனம்மாள் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவாள். அக்குரலுக்கு அணியில் ஒருத்தியும் அசையமாட்டாள். எதிரணியினர் அதைக் கேட்டு இழுப்பு வருவதாக எண்ணி, முக்கி முனகித் தளரும் வேளையில், பவுனம்மாள் தன் தலைத்துணியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றுவாள். அதுதான் அடையாளம். எட்டுப் பேரும் ஒரே உடம்பாகப் பின்னுக்குச் சாய்வர். இது அந்த ஒன்பது பெண்களைத் தவிர வேறெவருக்கும், அவர்களுடைய கணவன்மார்க்கும்கூடத் தெரியாது.

ரப்பர் விலை சரிந்து ஆட்குறைப்பு வந்தபோது, வீரம்மாவின் கணவன் நாகையாவுக்கு ஆற்றோரத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிய அன்று, ஏழாண்டும் அவளுக்கு நேர் முன்னே கயிறு பிடித்த நல்லம்மாள் வந்து நின்றாள்.

"அங்கயும் ஒன்னக் கயிறு புடிக்கச் சொல்லுவாங்கடி. நம்ம துணி சமாச்சாரம்..."

"என் வாயிலேர்ந்து வராதுக்கா."

ஆற்றோரத் தோட்டத்தின் அணிக்குக் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராமலிங்கம் பொறுப்பாளர். வீரம்மா வந்த மறுமாதமே அவளிடம் கடைக்கயிற்றைக் கொடுத்துவிட்டு, ஏழாங்கட்டைப் பெண்கள் எதைப் பார்த்து இழுக்கிறார்கள் என்று மெல்ல விசாரித்தார். சொல்லாவிட்டால் வேறொருத்தியைப் போட்டுக்கொள்வதாகக் கூறினார்.

"போட்டுக்குங்கய்யா. இழுக்கச் சொன்னா இழுக்குறேன். அங்க உள்ளத இங்க கேக்காதீங்க."

வேறொருத்தியைப் போட்டுப் பார்த்தார். மூன்று நாள் பயிற்சியில் மூன்று நாளும் கயிறு நகர்ந்தது. நான்காம் நாள் வீரம்மாவையே அழைத்தார். கேள்வியை மீண்டும் எழுப்பவில்லை.

1934ஆம் ஆண்டு விழாவில் இரு தோட்டங்களும் இறுதிச் சுற்றில் எதிரெதிராக நின்றன. வீரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். துணி கைமாறுவதைக் கண்டால் தன் உடம்பு தானாக முந்திக்கொள்ளும். அதுவும் வாயால் சொன்னதற்குச் சமமே என்று அவள் எண்ணினாள்.

பிற்பாடுதான் அவளுக்குத் தெரிந்தது, அவள் சொல்லியிருப்பாள் என்று பவுனம்மாள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டாள் என்பது. துணியை விட்டு, காலால் தரையை உதைப்பதைப் புதிய அடையாளமாக வைத்திருந்தாள். அதற்குக் கிடைத்த பயிற்சி பத்தே நாள். வெயில் கொளுத்திற்று. முகம் துடைப்பதற்காகப் பவுனம்மாள் துணியைக் கைமாற்ற, பழக்கத்தால் அவள் அணியில் மூவர் சாய்ந்தனர், ஐவர் நின்றனர். குலைந்த வரிசையை ஆற்றோரத்துப் பெண்கள் ஒரே மூச்சில் இழுத்துப் போட்டனர். இரண்டாம் இழுப்பிலும் அவ்வரிசை நேர்ப்படவில்லை.

பரிசுச் செம்புடன் வந்த வீரம்மாவை நல்லம்மாள் மறித்தாள்.

"சொல்லிட்டல்ல?"

"சொல்லலக்கா."

"துணி கைமாறின நொடியே இழுத்தீங்களே. சொல்லாமலா நாங்க கவுந்தோம்?"

அவ்வளவுதான். நாகையாவைத் தூது அனுப்பியும் பயனில்லை. தைப்பூசத்தன்று பத்துமலைப் படியில் எதிர்ப்பட்ட நல்லம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினாள். பித்தளைச் செம்பை வீரம்மா அடுப்படியில் கவிழ்த்து வைத்தாள். ஓராண்டு முழுதும் அதில் தண்ணீர் மொள்ளவில்லை.

மறு ஆண்டும் அவ்விரு அணிகளே எஞ்சின. முந்தின இரவு பெய்த மழையில் திடல் சேறாகியிருந்தது. கால் உதைக்கும் அடையாளம் ஏழாங்கட்டைப் பெண்களின் உடம்பில் ஏறவே இல்லை. தெரிந்தவர்க்குத் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று பவுனம்மாள் துணிக்கே திரும்பியிருந்தாள்.

வீரம்மா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். பவுனம்மாள் கத்தினாள். முன்னிருந்த எழுவரும் அக்குரலுக்கு முக்கித் தளர்ந்தனர். சத்தம் நின்றது. என்ன வரப்போகிறது என்பதை அந்த எண்மரில் ஒருத்தி மட்டுமே அறிவாள். கயிறு வெடுக்கென்று போயிற்று. எழுவரும் முழங்காலில் விழுந்தனர். வீரம்மாவின் குதிகால்கள் சேற்றில் இரண்டு சால் உழுதன. பின் அவளும் குப்புற விழுந்து, தோளில் சுற்றிய கயிற்றோடு கோடு தாண்டி இழுபட்டாள். இரண்டாம் இழுப்பிலும் அதுவே நிகழ்ந்தது.

இராமலிங்கம் அவளைப் பார்த்த பார்வையில் அடுத்த ஆண்டு அவளுக்கு இடமில்லை என்பது தெளிவாக இருந்தது. எழ முயன்றவள்மீது ஒரு நிழல் விழுந்தது. நல்லம்மாள். வீரம்மாவின் உச்சி முதல் உள்ளங்கால் வரை அப்பியிருந்த சேற்றையும், என்ன நடந்ததென்று புரியாமல் எழும் மற்ற எழுவரையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"நெசமாவே நீ சொல்லலையாடி."

வீரம்மா வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள். "போன வருசமே சொன்னேனே."

நல்லம்மாள் சேற்றில் மண்டியிட்டு, அவள் தோளில் இறுகிக் கிடந்த கயிற்றை ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கத் தொடங்கினாள்.